சங்கிலி பிடிக்கிற தட்டு

1

எங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து மச்சினன் செல்வன் போன் போட்டான். நாங்கள் ஃபின்லாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆனதற்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்.

"அத்தான், வேலையில்லாத நேரம் அங்க என்ன செய்யுதிய?"

"தட்டு எறியுதேன்."

"என்ன தட்டு? சோறு திங்குத தட்டா?"

"இல்லப்பா. பிளாஸ்டிக் தட்டு. அங்கின ஒரு கூடை நிக்கும். அதுக்குள்ள எறியணும்."

"எதுக்கு?"

"சும்மாதான்" என்றேன்.

"பத்து வருஷமா வெளிநாட்டுல இருந்து தட்டு எறிஞ்சி படிச்சிருக்கிய. கொள்ளாம்." பக்கத்தில் எவனோ இருந்திருக்கிறான். "லே, கேட்டியா, எனக்க அத்தான் அங்க தட்டு எறியுதாராம்" என்று அவனிடம் சொல்லிச் சிரிப்பதும் எனக்குக் கேட்டது.

"வச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். பேச்சின் நடுவில்தான் வைத்தேன். அவனுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்.

அதனால் இதை எழுதுகிறேன். நான் எட்டு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. செல்வனுக்கும், பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கும் விளங்கினால் போதும்.

2

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா நர்ஸ். இங்கே வயதானவர்கள் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் நான் வந்தேன். மகள் ஜெனிக்கு அப்போது ஏழு வயது.

ஊரில் நான் திருவட்டாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினேன். பிறகு அங்கேயே புகைப்புரையில் நின்றேன். பாலை உறையவைத்து, ரோலரில் அடித்து, ஷீட்டைப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துகிற இடம் அது. இங்கே ரப்பர் மரம் கிடையாது. வந்த புதிதில் வேலை தேடித் தருகிற ஆபீசில் ஒரு சின்னப் பெண் "என்ன தொழில்?" என்று கேட்டாள். நான் மரத்தில் வெட்டுவதுபோல் கையைக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரில் தேடித்தேடிப் பார்த்துவிட்டு, காட்டில் மரம் அறுக்கிறவன் என்று போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு மரம் அறுக்கிற மெஷின் படிக்க வரச்சொல்லி ரொம்ப நாள் கடிதம் வந்தது. எனக்குக் கிடைத்த வேலை பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுவது. அது நல்ல வேலை. யாரோடும் பேச வேண்டாம்.

முதலில் கடைக்குப் போனால் எனக்காகப் பேசியது ஜெனிதான். மாவு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இந்த நாட்டுப் பெயரைச் சொல்லித் தருவாள். பிறகு அவளுக்குக் கூட்டாளிகள் வந்தார்கள். வீட்டுக்குள்ளும் அவர்களோடு அந்த மொழியில்தான் போனில் பேச்சு. நான் ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். கோபம் ஒன்றும் இல்லை. நானும் பேச்சுக் குறைந்தவன். அது அவளுக்கும் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். ஸ்டெல்லா எனக்குச் சொல்லுவாள்.

பதினாறு வயதில் அவளுக்கு வடக்கே ஒரு ஊரில், ஆடுமாடு குதிரைகளைப் பார்க்கிற படிப்புக்கு இடம் கிடைத்தது. ரயிலில் பாதிநாள் போக வேண்டும். அங்கேயே தங்கல். எனக்கு ஒரு பயம் வந்தது. அவள் போன பிறகு எனக்கும் அவளுக்கும் பேச என்ன இருக்கும்? போன் வரும். ஸ்டெல்லா எடுப்பாள். "அப்பா எங்க?" "இருக்காரு." "சரி." அதோடு முடிந்துவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

3

இனி தட்டைப் பற்றி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பூர்ச்ச மரக்காடு. அங்கே ஊர்க்காரர்களுக்காகக் கூடை நட்டிருக்கிறார்கள். கூடை என்றால் நம்முடைய ஓலைக் கடவம் இல்லை. இரும்புக் கம்பம் ஒன்று. அதன் தலையிலிருந்து சுற்றிலும் சங்கிலி தொங்கும். அதற்குக் கீழே கம்பியால் ஒரு கூடை. எறிகிற தட்டு சங்கிலியில் பட்டு, வேகம் செத்து, கூடைக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான். காசு கிடையாது. கிழவிகள்கூட வந்து எறிவார்கள்.

தூரத்துக்கு எறிய ஒரு தட்டு. பக்கத்தில் வந்தபிறகு கூடைக்குள் போட வேறு தட்டு. அந்தத் தட்டைத்தான் நான் கூடைத்தட்டு என்று சொல்லுகிறேன். தகராறு எல்லாம் அதில்தான்.

ஜெனி பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தாள். எங்கள் முற்றத்தில் பக்கத்து வீட்டு பெக்கா ஒரு கூடை வைத்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர். அதில் அவள் எறிந்துகொண்டிருந்தாள். நான் குப்பை கொட்டப் போனேன். ஒரு தட்டு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். ஷீட்டை அமுக்கிப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

"இது கெட்டியால்லா இருக்கு" என்றேன்.

"அது வேற பிளாஸ்டிக். இத அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். "இது எளசு."

"இது?"

அன்றைக்குக் குப்பையை மறந்துவிட்டேன்.

ஒரே அச்சில் வார்த்த கூடைத்தட்டுதான் மூன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. கடையில் பெரிய பெயரெல்லாம் உண்டு. நாங்கள் வைத்த பெயர் சாதா, கண்ணாடி, ரப்பர்.

சாதா விலை குறைவு. தொட்டால் சுண்ணாம்பு தேய்த்த மாதிரி இருக்கும். விரல் வழுக்காது. புதிதில் விறைப்பு. கல்லிலும் மரத்திலும் அடிபட்டு விளிம்பு நைந்த பிறகுதான் நேராகப் போகும். ஒன்றிரண்டு கோடைகாலம் எறிய வேண்டும். அதற்குமேல் நைந்தால் வலப்பக்கம் சாயத் தொடங்கும். ஆனால் சங்கிலி அதை விடாது. பிள்ளையை மடியில் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ளும்.

கண்ணாடி விலை கூடுதல். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். சர்பத் நிறம். கல்லில் அடித்தாலும் எளிதில் கீறாது. வாங்கிய அன்று போன மாதிரியேதான் என்றைக்கும் போகும். காற்றுக்கு அசையாது. கடைசியில் இடப்பக்கம் போய் விழும். மழை பெய்தால் சாளை மீன் மாதிரி வழுக்கும். சங்கிலியில் வேகமாகப் பட்டால் தெறித்து வெளியே வந்துவிடும்.

ரப்பர் என்றால் ரப்பர் இல்லை. அதைப்போல ஒன்று. மடக்கினால் மடங்கும். பனியிலும் கையில் ஒட்டும். சங்கிலியில் ஈரத்துணி மாதிரி சுற்றிக்கொள்ளும். ஆனால் பலமாக எறிந்தால் எங்கே போகும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிடித்தது ரப்பர். ஜெனிக்குச் சாதா. பச்சை நிறத்தில் ஒன்று வைத்திருந்தாள். விளிம்பெல்லாம் நாய் கடித்த மாதிரி இருக்கும்.

"அப்பா, உங்களுக்க ரப்பர் சவம் மாதிரி போகு."

"உனக்க சாதா ரொம்ப யோக்கியம்."

"இது பழகினது. ரெண்டு கோடை எறிஞ்சிருக்கேன்."

"அப்பம் கண்ணாடி?"

"அது யாருகூடயும் பழகாது. பெக்காவுக்க பொண்டாட்டி மாதிரி."

"ஏட்டி, சும்மா இரி. அந்தப் பொம்பள ஜன்னல்ல நிக்கா."

"நின்னா என்ன? தமிழ் தெரியாதுல்லா."

இப்படித்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. வேறு எதையும் பேசவில்லை. பிளாஸ்டிக்கைத்தான் பேசினோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

4

எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே பெக்காவின் அந்தக் கூடை. நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். கீழே அவள் எறிவாள். சத்தத்தை வைத்தே தட்டைச் சொல்லிவிடலாம் என்பது பையப் பைய எனக்குப் பிடிபட்டது. சாதா பட்டால் 'சளக்' என்று அடங்கும். கண்ணாடி 'கிலீர்' என்று தெறிக்கும். ரப்பருக்கு 'தொம்'.

ஒரு நாள் திரும்பிப் பார்க்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னேன். "கண்ணாடி. வெளிய போயிட்டு."

பிறகு 'சளக்'.

"சாதா. உள்ள."

'தொம்.'

"எனக்க ரப்பர எதுக்குட்டி எடுத்த?"

அவள் கீழே நின்று சிரிப்பது கேட்டது. அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் பார்க்கக் கூடாது. அவள் எறிவாள். நான் சொல்ல வேண்டும். ஸ்டெல்லாவுக்கு வெட்கம். "அப்பனும் மவளும் போடுத கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குப் போன் பண்ணப் போறான்" என்பாள்.

5

அவள் வடக்கே போவதற்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் ஜோடி ஆட்டம் நடந்தது. இரண்டு பேர் சேர்ந்து மாறி மாறி எறிய வேண்டும். ஒருவர் எறிந்து விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் எறிவார். வருஷா வருஷம் ஜெனி கூட்டுக்காரியோடு போவாள்.

அந்த வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஜோடி ஆட்டத்துக்கு வாறியளா?"

"உனக்க கூட்டுக்காரி வரல்லியா?"

"அவ வருவா. நான் உங்கள கேக்கேன்."

"சரி" என்றேன். பிறகு பாதிகூட நிறையாத குப்பை வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க மழை. அவள் கோடைகாலத்துக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலைக்கு நின்றாள். வேலை முடிந்து வந்து மழையிலேயே எறிவாள். "தட்டு எல்லாம் வழுக்குது" என்று பையை மூலையில் போட்டாள். மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு தட்டுகளை எடுத்துத் துடைத்தேன். துடைத்தும் எனக்குத் திருப்தி இல்லை.

இங்கே வீட்டுக்கு வீடு சவுனா என்று ஒரு சூட்டு அறை உண்டு. பலகையில் உட்கார்ந்து வியர்ப்பதற்கு. நாங்கள் அதில் வியர்ப்பதில்லை. வியர்வையை ஊரிலேயே வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. ஸ்டெல்லா அதில் அரிசிச் சாக்கும் வற்றலும் வைத்திருந்தாள். ஒரு தடவை சாளைக் கருவாடு போட்டாள். வீட்டு நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதோடு நிறுத்திவிட்டாள்.

மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு மருந்து சூடுதான். ஈரம் பிடித்தது எதுவானாலும் இளஞ்சூட்டில் தொங்கவிடு என்பது என் கையில் ஊறிப்போனது. அரிசிச் சாக்கை வெளியே இழுத்துப் போட்டேன். மேல் பலகைக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். மூன்று தட்டையும் துணி கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். சவுனா அடுப்பைக் கொஞ்சமாக வைத்தேன். கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மீன் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தும் திறக்கவில்லை. புகைப்புரைக் கதவைத் திறந்து திறந்து பார்க்கிறவன் வேலைக்காரன் இல்லை. மீனைக் கழுவினேன். குழம்பு கூட்டினேன். பிறகு திறந்தேன்.

ரப்பர் காலுறை மாதிரித் தொங்கியது. கண்ணாடியில் கிளிப்பின் தடம் மட்டும். ஜெனியின் பச்சைச் சாதா எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி ஒரு பக்கம் மடிந்து நின்றது.

ஸ்டெல்லா டூட்டி முடிந்து வந்தாள்.

"என்ன செய்து வச்சிருக்கிய?"

"காய வச்சேன்."

"பிள்ளைக்க தட்டையா? அது என்ன கருவாடா?"

ரப்பருக்குச் சூடு நல்லது. பிளாஸ்டிக்கும் அதன் உறவுக்காரன் என்று நினைத்துவிட்டேன்.

ஜெனி வந்தாள். பச்சைத் தட்டைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதாவது சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ம்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த 'ம்' எனக்குத் தெரிந்த பழைய 'ம்'.

6

ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். "ஒரு சூடு வளைச்சா இன்னொரு சூடு நிமித்தாதா? வெந்நீல முக்கி, அமுக்கிப் பாருங்க."

பெரிய சட்டியில் வெந்நீர் வைத்தேன். தட்டை முக்கி எடுத்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தேன். மேலே அரிசிச் சாக்கைத் தூக்கிப் போட்டேன். பாரம் போதவில்லை. நானும் மேசைமேல் ஏறிச் சாக்கின்மேல் உட்கார்ந்தேன்.

ஜெனி தண்ணீர் குடிக்க வந்தாள். கிளாசோடு நின்றாள்.

"அப்பா, அங்க இருந்து என்ன செய்யுதிய?"

"ஷீட்டு அடிக்கேன்."

"உங்களுக்கு வெயிட்டு பத்தாது" என்றாள். கிளாசை வைத்துவிட்டு அவளும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை முனகியது.

"ஷீட்டுன்னா என்ன?"

ஒன்பது வருஷத்தில் நான் அவளிடம் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. சொன்னேன். பால் உறைவது, ரோலரில் போவது, வெள்ளையாகப் புகைப்புரைக்குள் போன ஷீட்டு தேன் நிறத்தில் வெளியே வருவது. அந்தப் புகை நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. அவள் சின்னதில் என் அழுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவாள் என்பதையும் சொன்னேன். அது அவளுக்கு ஞாபகம் இல்லை.

"புகைப்புரைய இடையில திறந்து பாக்க மாட்டியளா?"

"மாட்டேன்."

"அதான்" என்றாள். சிரித்துவிட்டாள்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அரிசிச் சாக்கு. அதன்மேல் நாங்கள் இரண்டு பேர். "இது ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தட்டு முக்கால்வாசி நிமிர்ந்தது. ஒரு ஓரம் மட்டும் உதடு பிதுக்கின மாதிரி நின்றது. முற்றத்தில் எறிந்து பார்த்தாள். முன்பு நேராகப் போனது, இப்போது நேராகப் போய்க் கூடைக்குக் கிட்டே வந்ததும் இடப்பக்கம் ஒரு குனிவு குனிந்தது. தாழ்ந்த வாசலில் நுழைகிறவன் தலையைக் குனிகிற மாதிரி. சங்கிலியில் பட்டபோது சத்தமும் மாறியிருந்தது. 'சளக்' என்று பட்டு, அந்தப் பிதுங்கின ஓரம் கம்பியில் தட்டி 'டக்' என்றது.

மறுநாள் ஆட்டத்துக்குப் பெக்கா புதுச் சாதா ஒன்று கொடுத்தார். அதையும் பையில் போட்டுக்கொண்டோம்.

நாங்கள் ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கோ வந்தோம். நான் காட்டுக்குள் இரண்டு தட்டைத் தொலைத்தேன். ஒன்றைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. கடைசிக் கூடைக்கு வந்தபோது மழை தூறியது. அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் ஆட்டம் முடிந்து அங்கே நின்றார்கள். போட வேண்டியது என் முறை. பைக்குள் கையை விட்டுப் பச்சையை எடுத்துத் தந்தாள்.

"புதுசு இருக்கே" என்றேன்.

"அது இன்னும் பழகல்ல. இத எறிங்க. கூடையப் பாக்காண்டாம். வலப்பக்கம் நிக்குத மரத்தப் பாத்து எறிங்க. அது தானா எறங்கும்."

மரத்தைப் பார்த்து எறிந்தேன். போச்சு என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்தது. சளக். டக். சங்கிலி விடவில்லை.

"கொள்ளாம்!" என்று ஜெனி நம்மூர்க்காரி மாதிரிப் பாராட்டிக் கத்தினாள். அத்தனை கூட்டாளிகளுக்கும் நடுவில் நின்று கத்தினாள். அப்படியென்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டிருக்க வேண்டும். ஜெனி அவர்கள் மொழியில் விளக்கினாள். ரொம்ப நேரம் விளக்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் போய்க் கூடைக்குள்ளிருந்து தட்டை எடுத்தேன்.

7

ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். எந்தத் தட்டை எடுத்துப் போனாள் என்று நான் பார்க்கவில்லை. காலுறை மாதிரி ஆகிப்போன என்னுடைய ரப்பர் தட்டு மட்டும் வீட்டில் கிடந்தது.

நான் பயந்த மாதிரியேதான் முதலில் நடந்தது. ஸ்டெல்லாவுக்குப் போன் வரும். குதிரை, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் பேசுவார்கள். கடைசியில் "அப்பாவா? இருக்காரு. மீன் கழுவுதாரு" என்பாள். "சரியாம்" என்று எனக்குச் சொல்லுவாள். நான் தலையாட்டுவேன். ஜன்னலுக்குக் கீழே கூடை சும்மா நின்றது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்டெல்லா டூட்டிக்குப் போயிருந்தாள். சோறு போட்டு உட்கார்ந்தேன். என் போன் அடித்தது.

"அம்மா டூட்டிக்குப் போயிருக்கா மக்களே" என்றேன்.

"தெரியும். உங்களத்தான் கூப்பிட்டேன்."

காற்று இரைகிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்பா, ஒண்ணும் பேசாண்டாம். கேளுங்க."

கேட்டேன். 'கிலீர்.'

"கண்ணாடி" என்றேன். "வெளிய."

"எப்பிடிப்பா!" என்றாள். நடந்து போகிற சத்தம். திரும்பி வருகிற சத்தம். காற்று. பிறகு, சளக். டக்.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அப்பா? கேட்டுதா?"

"கேட்டுது."

"எந்தத் தட்டு?"

"நாம ஏறி இருந்தது."

"இன்னொண்ணு எறியட்டா?" என்றாள்.

"எறி" என்றேன். சோறு ஆறிவிட்டது.

இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் அந்தப் போன் வரும். பனி விழுந்தாலும் வரும். செல்வன் கூப்பிட்டதும் ஞாயிறு மத்தியானம்தான். அவன் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. தட்டு வருகிற நேரம் ஆகிவிட்டது. அதனால் வைத்தேன்.